பழைய காயில் ஸ்டாம்ப்ல பிரின்ட் கோளாறு, வெட்டு கோளாறு கண்டுபிடிக்கிறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

மும்பை ஃபோர்ட் பக்கம் பழைய நாணயம், ஸ்டாம்ப் விக்கிறவங்ககிட்ட வெளிநாட்டு ஸ்டாம்ப் கலந்த பாக்கெட் வாங்கினீங்கன்னா அதுல சில அமெரிக்க ஸ்டாம்ப் ரெண்டு பக்கம் பல்லு பல்லா இருக்கும், மத்த ரெண்டு பக்கமும் பிளேடு போட்ட மாதிரி மொழுக்குன்னு இருக்கும். யாரோ கத்திரிச்சு வீணாக்கிட்டாங்கன்னு ஓரமா தள்ளிடாதீங்க, அது காயில் ஸ்டாம்பா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வெண்டிங் மெஷின்ல காசு போட்டு எடுக்கவும், ஆபீஸ்ல மெஷின் வெச்சு கவர்ல மளமளன்னு ஒட்டவும் நீளமா சுருட்டி வித்த ஸ்டாம்ப். அமெரிக்க அரசாங்கமே இப்படி சுருளா போட ஆரம்பிச்சது 1908-ல.

இந்த பதிவுல நான் சொல்ல வர்றது முக்கியமா ஒண்ணுதான். காயில் ஸ்டாம்பை ஜோடியா வாங்குங்க, ஜோடியா பாருங்க, ஏற்கனவே ஜோடியா கிடைச்சா தயவுசெஞ்சு பிரிக்காதீங்க. ஏன்னா இதுல வர்ற கோளாறு பலதும் ரெண்டு ஸ்டாம்புக்கு நடுவுலதான் தெரியும், பிரிச்சுட்டா சாட்சியே போயிடும்.

தேவையானது ரொம்ப கம்மி: முனை தட்டையான ட்வீசர், 10 மடங்கு லென்ஸ், பர்ஃபரேஷன் கேஜ் (ஓரத்து ஓட்டை எவ்வளவு நெருக்கம்னு அளக்கிற அட்டை), மில்லிமீட்டர் ஸ்கேல், ஒரு கறுப்பு அட்டை, ஒரு சின்ன டார்ச். நம்ம ஊர் மழைக்காலத்துல மட்டும் கம் (பின்பக்கப் பசை) இருக்கிற ஸ்டாம்பை வெளிய எடுத்து ரொம்ப நேரம் வெச்சுக்காதீங்க, காத்துல இருக்கிற ஈரத்துக்கு கம் இளகி ஸ்டாம்ப் சுருண்டுக்கும், பேப்பரும் லேசா விரியும், அப்ப எடுக்கிற அளவை நம்ப முடியாது.

ஸ்டெப் 1: ஓரம்

ஸ்டாம்பை கறுப்பு அட்டை மேல வைங்க. மொழுக்கான ரெண்டு ஓரமும் ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடுதான்னு பாருங்க. ஒரு பக்கம் அகலமா ஆரம்பிச்சு போகப்போக குறுகினா சந்தேகப்படுங்க, சாதா ஷீட் ஸ்டாம்போட (சுருளா இல்லாம பெரிய தாளா வித்தது) பல்லை வெட்டிட்டு காயில்னு விக்கிறது ரொம்ப பழைய வேலை. 1911-ல வந்த 3 சென்ட் ஆரஞ்ச்பர்க் (நியூயார்க் மாநிலத்து ஊர் பேர்) காயில் இதுக்கு பேர் போனது, நிஜமானது ரொம்ப அபூர்வம், அதனால அதே காலத்து ஷீட் ஸ்டாம்ப்ல மேலயும் கீழயும் வெட்டி போலி பண்ணியிருக்காங்க. ஷீட் ஸ்டாம்போட பல்லை முழுசா எடுக்கணும்னா ஓரத்துலயும் கொஞ்சம் போகும், அதனால மொழுக்கு ஓரத்துக்கு குறுக்கால கண்டிப்பா அளந்து பாருங்க. அசல் காயிலோட அளவை விட கம்மியா இருந்தா வாங்காதீங்க.

அப்புறம் கேஜ். 2 சென்டிமீட்டர்ல எத்தனை ஓட்டைங்கிறதுதான் கணக்கு. 1908-ல ஆரம்பிச்ச காயில் 12, 1910-ல 8½, 1914-லேர்ந்து 10. பெரிய செவ்வக ஓட்டை ரெண்டே ரெண்டு இருந்தா மிரள வேண்டாம், அது கோளாறு இல்ல, ஷெர்மாக் மாதிரி தனியார் மெஷின் கம்பெனிங்க பல்லு இல்லாத ஷீட்டை வாங்கி தங்களோட மெஷினுக்கு தகுந்தபடி போட்டுக்கிட்ட ஓட்டை. அதே மாதிரி 1954-ல ஆரம்பிச்ச லிபர்ட்டி சீரிஸ் காயில்ல பெரிய ஓட்டை, சின்ன ஓட்டைன்னு ரெண்டு வகை உண்டு, ரெண்டும் ஒழுங்கானதுதான்.

ஸ்டெப் 2: நடுவுல கோடு

புதுசா வர்றவங்க அதிகமா குழம்புறது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ரெண்டு ஸ்டாம்புக்கு நடுவுல ஒரு கோடு ஓடினா பிரின்ட் தப்புன்னு தோணும். இல்ல. ரோட்டரி பிரஸ்ல (சுழலுற உருளை வெச்சு அடிக்கிற மெஷின்) ரெண்டு பிளேட்டை, அதாவது படம் செதுக்கின அச்சுத் தகட்டை, அரைவட்டமா வளைச்சு ஒரு உருளை மேல சேர்த்து மாட்டுவாங்க, அந்த ரெண்டும் சேர்ற இடுக்குல மை தங்கும், அது பேப்பர்ல கோடா விழும். இதுக்கு பேர் ஜாயின்ட் லைன். ஸ்டாம்ப் பக்கத்துல பக்கத்துல வரிசையா ஓடுற பக்கவாட்டு காயில்ல, வாஷிங்டன் படம் போட்ட பழைய ரோட்டரி வகைல, ஒவ்வொரு 17 ஸ்டாம்புக்கும் ஒரு தடவை இந்த கோடு வரும், அதனாலதான் லைன் பேருக்கு (pair, நடுவுல கோடு இருக்கிற ஜோடி) விலை ஜாஸ்தி.

ரோட்டரிக்கு முன்னாடி தட்டை பிளேட்ல அடிச்ச காயில்லயும் கோடு உண்டு, ஆனா அது வேற. அது பெரிய ஷீட்டை எங்க வெட்டணும்னு பிளேட்லயே கீறின கைட் லைன். அந்த காலத்துல ஷீட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் சுருள் பண்ணாங்க, அதனால சில ஜோடில நடுவுல பேப்பர் மேல பேப்பர் ஒட்டின இடம் தடிப்பா இருக்கும். அதையும் பிரிக்காதீங்க, அதை பேஸ்ட்-அப் பேர் (ஒட்டின ஜோடி)னு தேடி வாங்குறவங்க இருக்காங்க.

தட்டையா ரோட்டரியான்னு தெரியணுமா, படத்தை மட்டும் அளங்க. பிளேட்டை வளைக்கும்போது படம் இழுபடும், அதனால பக்கவாட்டு காயில்ல தட்டை பிளேட் படம் சுமார் 18.5லேர்ந்து 19 மி.மீ. அகலம், ரோட்டரி 19.5லேர்ந்து 20.

ஜாயின்ட் லைனுக்கு இந்த பக்கம் இருக்கிற படமும் அந்த பக்கம் இருக்கிற படமும் ஒரு படி ஏறி இறங்கி நின்னா, ரெண்டு பிளேட்டும் துல்லியமா ஒரே உயரத்துல மாட்டலன்னு அர்த்தம். பாக்க ரொம்ப அழகா இருக்கும், எனக்கு ரொம்ப பிடிச்ச வகை, ஆனா இதை எரர்னு சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டா குடுக்காதீங்க.

ஸ்டெப் 3: வெட்டும் ஓட்டையும்

அகலமான பேப்பர்ல பல வரிசையா அடிச்சு, கத்தி வெச்சு நீளவாட்டுல கிழிச்சுத்தான் சுருள் ஆக்குறாங்க. கத்தி நகர்ந்தா மேல பக்கத்து வரிசை ஸ்டாம்போட அடி தெரியும், கீழ நம்ம ஸ்டாம்ப்ல கொஞ்சம் காணாம போகும். இதுதான் மிஸ்கட். சில சமயம் வெட்டி எறிய வேண்டிய ஓரத்துல இருந்த பிளேட் நம்பர் (எந்த பிளேட்ல அடிச்சதுன்னு காட்டுற எண்) அரைகுறையா எட்டிப் பாக்கும், இதை விடாதீங்க.

ஓட்டை படத்துக்குள்ள ஏறி நின்னா அது நகர்ந்த பர்ஃபரேஷன், சுவாரஸ்யமானது, ஆனா ரொம்ப நகர்ந்தாத்தான் மதிப்பு. ஓட்டையே இல்லாத ஜோடி வேற லெவல். அப்படின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுட்டு, ஜோடியை கவுத்து வெச்சு, டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு பாருங்க. ஊசி அமுக்கியிருக்கு, ஆனா துளைக்கலன்னா சின்ன சின்ன மேடோ குழியோ வரிசையா தெரியும், ஒரே ஒரு தடம் இருந்தாலும் அதை ஓட்டையில்லாத எரர்னு எடுத்துக்க மாட்டாங்க. பின்பக்கம் கம்ல சீரான இடைவெளில வரி வரியா தெரியுறது மடிப்பு இல்ல, ஸ்டாம்ப் சுருளாம இருக்க கம்மை வேணும்னே உடைச்ச தடம்.

ஸ்டெப் 4: மை

கறை, இரட்டைக் கோடு, வெளுத்த இடம் எதுவா இருந்தாலும் ஒரே கேள்வி கேளுங்க: இது பிளேட்லயே இருக்கா, இல்ல அந்த நேரத்து விபத்தா? பிளேட்ல விரிசலோ கீறலோ இருந்தா அது திரும்ப திரும்ப வந்தே ஆகணும். மேல சொன்ன உருளைல 17ம் 17ம் சேர்ந்து 34, அப்ப நீளமான ஸ்ட்ரிப் இருந்தா 34 ஸ்டாம்ப் தள்ளி அதே இடத்துல அதே கீறல் இருக்கணும். இல்லன்னா துடைக்காம விட்ட மையோ, மை பத்தாததோ, பேப்பர் வழுக்கினதோ, அது அந்த ஒரு பிரதியோட சரி.

1981-லேர்ந்து அமெரிக்க காயில்ல பிளேட் நம்பரே ஸ்டாம்புக்கு அடில சின்னதா வர ஆரம்பிச்சுது, எண்ணுறது சுலபம். அடிச்ச மெஷின் காட்ரெல் பிரஸ்னா 24 ஸ்டாம்புக்கு ஒரு நம்பர், கூடவே கோடு. பி பிரஸ்ங்கிற மெஷின்னா 52-க்கு ஒண்ணு, ஜாயின்ட் லைன் கிடையாது, ஏன்னா அதுல முழு உருளை ஸ்லீவ், சேர்ற இடுக்கே இல்ல.

ஸ்டெப் 5: எழுதி வெச்சுக்குங்க

1200 டிபிஐல கறுப்பு பின்னணி வெச்சு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுங்க, அளவு, கேஜ், கோடு எந்த வகைன்னு ஸ்டாக் புக் பக்கத்துல பென்சில்ல குறிங்க, ஸ்டாம்ப்ல எழுதவே கூடாது. விலை அதிகமான ஓட்டையில்லாத ஜோடியோ ஆரஞ்ச்பர்க்கோ யாராவது காட்டினா, நியூயார்க் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் இல்ல அமெரிக்கன் ஃபிலாடெலிக் சொசைட்டி குடுத்த சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அதுல இருக்கிற போட்டோவையும் கையில இருக்கிற ஜோடியையும் பக்கத்துல வெச்சு, ஓட்டை ஓட்டையா ஒப்பிட்டு பாத்துட்டு அப்புறம் பர்ஸை எடுங்க.