பழைய சர்வரை வீட்டுச் சேமிப்பகமாக்குதல்

கோவை, திருப்பூர் நிறுவனங்களில் ஓடி ஓய்ந்த சர்வர் பழைய பொருள் விலைக்குக் கிடைத்தால், வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் காக்கும் சேமிப்பகமாக அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 1யூ உயரப் பெட்டி (யூ என்பது சர்வர் பெட்டியின் உயர அலகு) வேண்டாம், அதன் 40 மி.மீ. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்து அறையில்கூடத் தூங்குவது கடினம். 2யூ அல்லது டவர் வகையே வீட்டுக்கு ஏற்றது.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். பனியன் கம்பெனியில் இருந்த இயந்திரமானால் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசு கம்பளிபோல் படிந்திருக்கக்கூடும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள்.

மிகுந்த கவனம், பல டிஸ்க்குகளை இணைத்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் கார்டுக்கே தேவை. டிஸ்க்குகளை மறைத்து ஒரே தொகுப்பாகக் காட்டும் கார்டு, டிஸ்க்குகளைத் தானே நேரடியாகக் கையாளும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைக்கு ஒவ்வாது. ஆகவே அது ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே காட்டும் எச்பிஏ முறைக்கு மாறுமா என்பதை மாடல் எண்ணை வைத்து வாங்குமுன்பே உறுதிசெய்துகொண்டு, பிறகு இசட்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தும் சேமிப்பக இயங்குதளமான ட்ரூநாஸ் நிறுவுங்கள். சர்வர்களுக்கான இணைப்பு வகையான சாஸ் கன்ட்ரோலரில், சாதாரணக் கணினிகளின் இணைப்பு வகையான சாட்டா டிஸ்க்கும் வேலை செய்யும். சாட்டா கன்ட்ரோலரில் சாஸ் டிஸ்க் வேலை செய்யாது. பழைய சாஸ் டிஸ்க் 520 பைட் செக்டாரில் (செக்டார் என்பது டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதி) இருந்தால் 512க்கு மாற்றி ஃபார்மேட் செய்ய வேண்டும். ஆறு டிஸ்க் இருந்தால் ரெய்டுஇசட்2 என்ற இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பை அமையுங்கள்: இரண்டு ஒருசேரப் பழுதானாலும் தரவு தப்பும். ஆயினும் தவறுதலாக அழித்த கோப்பை அந்த அமைப்பு மீட்டுத்தராது என்பதால், தனி டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும்.

100 வாட் இழுக்கும் சர்வர் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 144 யூனிட் சேர்க்கும். இரண்டு பிராசசரில் ஒன்றைக் கழற்றினால் செலவு குறையும். ஆனால் அதனுடன் இணைந்த மெமரி, கார்டு ஸ்லாட்டுகளும் செயலிழக்கும் என்பதால், கன்ட்ரோலர் எந்த ஸ்லாட்டில் இருக்கிறதென்று முன்பே பார்த்துவிடுங்கள்.