ஊருக்குப் போகும்போது பழைய போர் விமானத்தில் ஏற ஆசையா?

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலைந்து கோயிலுக்கு மேல் பொறுமை இருக்காது. அவர்களுக்காக ஒரு நாளைப் பெங்களூருக்கு ஒதுக்குங்கள். பழைய விமான நிலையச் சாலையில், விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது, 2001-ல் திறந்தது. அங்கே முதலில் மாருத்தைத் தேடிப் போங்கள். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் இந்தியாவிலேயே உருவான போர் ஜெட். 1961-ல் முதன்முதலாகப் பறந்தது, 1971 போரிலும் கலந்துகொண்டது. ஒலியை முந்த வேண்டும் என்றுதான் வரைந்தார்கள். அதற்கேற்ற எஞ்சின் மட்டும் கடைசி வரை வாய்க்கவில்லை. அந்தக் கூர்மூக்கைப் பார்த்தால் நம்பவே முடியாது.

சென்னையை விட்டு நகர நேரமில்லையா? குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலும் ஒரு மாருத் நிற்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. கல்லூரி என்பதால் வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

சரி, உள்ளே உட்கார முடியுமா? வெளிநாட்டில் சில இடங்களில் காசு கட்டினால் ஏற்றிவிடுவார்கள். இங்கே அந்த நினைப்போடு வராதீர்கள். விமானி உட்காரும் காக்பிட் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். ஏணி போட்டிருந்தால் காவலரிடம் கேட்டு ஏறலாம். "சார், பிள்ளைங்க ஃபாரின்லேருந்து வந்திருக்காங்க" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பையனுக்கும் அதே ஆசைதானே!

ஏறக் கிடைத்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயிலில் நிற்கும் விமானம் மதியத்துக்குள் தோசைக்கல் ஆகிவிடும். வேட்டி, சேலை, ரப்பர் செருப்பு எதுவும் சரிப்படாது. சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். இருக்கைக்கு அடியில் விழுந்த சாவியை எடுக்க நான் பட்ட பாடு போதும். கருப்பு மஞ்சள் கோடு போட்ட பிடி, விமானியை இருக்கையோடு வெளியே வீசுவதற்கானது. அருங்காட்சியக விமானங்களில் வெடிமருந்தைக் கழற்றியிருப்பார்கள் என்றாலும் அதில் கை வேண்டாம். பழைய மீட்டர்களில் முள் இருட்டில் ஒளிர, கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூசுவது உண்டு. கண்ணாடி உடைந்திருந்தால் சுரண்ட விடாதீர்கள்.

காக்பிட் கிடைக்காத ஏமாற்றத்தைத் தீர்க்க விசாகப்பட்டினம் இருக்கிறது. அங்கே கடற்கரையில் நிற்கும் டியு-142-க்குள் நடந்தே போகலாம். ஜெட் அல்ல, ரஷ்யாவில் செய்த, நான்கு எஞ்சின் கொண்ட நம் கடற்படை விமானம். 53 மீட்டர் நீளம். நம் அரக்கோணம் தளத்தில் இருந்து பறந்து, 2017 மார்ச்சில் அந்தத் தளத்திலேயே ஓய்வு பெற்றது. திங்கட்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை.

அப்புறம், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். தாம்பரம், சூலூர் பக்கம் விமானப்படைத் தளத்தின் மதில் தெரிந்தால் செல்போன் கேமராவையும் உள்ளே வையுங்கள்.