பாறை வெளுத்தது, மரம் கறுத்தது

இரவில் டார்ச் அடித்து எடுத்த படத்தில் பால்வீதி அருமையாக விழுந்திருந்தது. 14 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்), ஷட்டர் திறந்திருந்தது 20 விநாடி. ஆனால் முன்னால் இருந்த பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. அதன் பின்னால் நின்ற மரமோ வெறும் கறுப்பு.

டார்ச்சின் வெளிச்சத்தைக் குறைத்தேன். பாறை சரியானது, மரம் சுத்தமாக மறைந்தது. அப்புறம்தான் உறைத்தது: பிரச்சினை வெளிச்சத்தின் அளவில் இல்லை, தூரத்தில். கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் பாறை 2 மீட்டரில், மரம் 8 மீட்டரில். தூரம் 4 மடங்கு என்றால் வெளிச்சம் 16இல் ஒரு பங்கு, அதாவது 4 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

விளக்கை ஸ்டாண்டில் மாட்டி, பக்கவாட்டில் 20 மீட்டர் தள்ளி வைத்தேன். இப்போது இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே தூரம். பாறையின் வெடிப்புகளில் நிழல் விழுந்து, அதன் சொரசொரப்பு தெரிந்தது. எவ்வளவு அழகு!

விளக்கு மிக மங்கலாக, 20 விநாடியும் அணையாமல் எரிய வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; 4000 கெல்வின் நிறம் எனக்குப் பிடித்தது. மஞ்சள் கூடினால் பாறை தனியாக ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது.

மற்றவர்களும் படமெடுக்கும் இடத்தில் விளக்கே வேண்டாம். ஐஎஸ்ஓ 800இல் 4 நிமிடம் நிலத்துக்கு மட்டும் தனியாக எடுத்து, வானத்தின் படத்தோடு இணைத்துவிடுகிறேன்.