கடல் தாண்டும் பாலைப்புழுதி: பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் காரைக்குடிப் பக்கம் முற்றத்தைக் காலையில் கழுவிவிட்டாலும் மதியத்துக்குள் செம்புழுதி படிந்துவிடும். “அரபு தேசத்து மண்ணு கடல் தாண்டி வருதாமே, இது அதுதானா தம்பி?” என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்வி. புழுதி கடல் தாண்டுவது உண்மைதான். ஆனால் விரலில் நறநறக்கும் இந்த மண் நம் செம்மண் பொட்டலில் கிளம்பியது. நெடுந்தூரம் வருபவற்றில் பெரும்பாலானவை சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்கள். அவை வந்தால் வானம் வெளிறித் தெரியும்.

செயற்கைக்கோள் படத்தில் புழுதியைத் தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது உயரத்தில். தரைக்காற்றின் அம்புக்குறியைப் பார்த்து, புழுதியும் அப்படித்தான் போகும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல்மேல் நடப்பதோ வேறு. கீழே பருவக்காற்று ஈரத்தோடு ஓடும். அதன் முதுகில் ஏறி, அரேபியாவின் வடமேற்குக் காற்று புழுதியைக் கொண்டுவரும். ஒரே இடத்தில் இரண்டு திசை! சகாரா புழுதியும் கோடையில் அட்லாண்டிக்கை ஈரக்காற்றுக்கு மேலேதான் கடக்கிறது, சில கிலோமீட்டர் உயரத்தில். அதனால் காற்றின் பாதையைக் கணக்கிடும் ‘ஹைஸ்ப்ளிட்’ போன்ற கணினிக் கருவியில் பாதை வரையும்போது 500, 1500, 3000 மீட்டர் என மூன்று உயரத்துக்கும் போட்டுப் பாருங்கள். கோடுகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால், உயரம் தெரியாமல் எதையும் சொல்லாதீர்கள். உயரத்தை லேசர் கொண்டு அளக்கலாம். 2006 முதல் 2023 வரை ‘கலிப்சோ’ செயற்கைக்கோள் அதைச் செய்தது. லேசர் கருவியோடு 2024இல் ‘எர்த்கேர்’ செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

அப்புறம், கடல்மேல் தெரியும் வெளிறிய பட்டை. பல நேரம் அது நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில்தான். காலையில் கடக்கும் செயற்கைக்கோளின் படத்தையும் பிற்பகலில் கடப்பதன் படத்தையும் பக்கத்தில் வைத்தால், வெயில் பட்டை இடம் மாறியிருக்கும்.

மீட்டியோசாட் என்ற வானிலைச் செயற்கைக்கோளின் படங்களில் புழுதி இளஞ்சிவப்பாகத் தெரிவது அகச்சிவப்பு அளவீடுகளுக்குக் கொடுத்த நிறம், புழுதியின் சொந்த நிறம் அல்ல. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த நிறம் மங்கிவிடும். இளஞ்சிவப்பு இல்லை என்பதற்காகப் புழுதி இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

காற்றிலுள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்று காட்டும் ‘ஒளியியல் தடிமன்’ வரைபடம் அடர்சிவப்பாக இருந்தால் மூச்சுவிடும் காற்று கெட்டுவிட்டது என்று பதறுவதும் தவறு. அது தரையிலிருந்து வான் உச்சிவரை உள்ள மொத்தக் கணக்கு. மூக்கருகே என்ன இருக்கிறது என்பதைத் தரையில்தான் அளக்க வேண்டும். விஞ்ஞானி ஜோசப் ப்ராஸ்பெரோ கரீபியன் கடல் பக்கமுள்ள பார்படாஸ் தீவில் 1965இல் தொடங்கியது அந்த வேலையைத்தான்: கடலோரக் காற்றில் வந்த ஆப்பிரிக்கப் புழுதியைச் சேகரித்து அளந்தார்கள்.