குறைமாதக் கன்றை அளந்து சினை மாதம் காண்பது

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துப் பட்டிகளில் மாடும் காளையும் ஒன்றாகவே மேய்கின்றன. எந்தப் பசு எப்போது சினைப்பட்டது என்பதற்குக் குறிப்பு இருக்காது. குறைமாதத்தில் கன்று விழுந்தால், மிருக வைத்தியர் கேட்கும் சினை மாதத்தை அந்தக் கன்றை அளந்துதான் சொல்ல வேண்டும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லா கிருமியால் விழுந்த கன்றாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள்; கர்ப்பிணிகள் கிட்ட வரக் கூடாது.

கன்றைப் பக்கவாட்டில் கிடத்தி, தலை உச்சியிலிருந்து வால் அடிவரை முதுகின் வளைவோடு தையல் நாடாவை வையுங்கள். காலையும் வாலையும் சேர்க்க வேண்டாம். வெயிலில் தோல் சுருங்குமுன் அளந்துவிட வேண்டும்.

மாத எண்ணை, அதோடு 2 கூட்டிய எண்ணால் பெருக்கினால் நீளம் ஏறத்தாழச் சென்ரிமீற்றரில் வரும்: 3 மாதம் 15, 5 மாதம் 35, 6 மாதம் 48, 7 மாதம் 63. நீளத்திலிருந்து மாதம் காண, 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்து 1 கழியுங்கள். 48 என்றால் 49, அதன் மூலம் 7, விடை 6.

நாட்டு மாட்டின் கன்று சிறியது. நீளம் மட்டும் பார்த்தால் மாதம் குறைவாகத் தெரியும். அதனால் உரோமத்தையும் பாருங்கள். புருவத்திலும் உதட்டிலும் மெல்லிய உரோமம் ஏறக்குறைய 5ஆம் மாதத்தில் வரும். வால் நுனியில் 6இல், உடல் முழுவதும் குட்டையாக 8இல். இரண்டும் முரண்பட்டால் நாங்கள் உரோமத்தையே நம்புவோம்.

நிறையை நம்பி மாதம் சொல்லாதீர்கள். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏறுவது. சோளக (தென்மேற்குக் காற்று) காலத்து வறட்சியில் தாய் மெலிந்தால் கன்றும் மெலியும். உள்ளே செத்து நீர் கோத்த கன்றோ வீணாகக் கனக்கும். காய்ந்து கருகிய கன்றின் நீளம், அது செத்த மாதத்தையே காட்டும், வெளியே விழுந்த மாதத்தை அல்ல.

எருமைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பசுவின் சினை சுமார் 280 நாள், எருமைக்கு 310 அளவில்.

அளந்தபின் கன்றையும் இளங்கொடியையும் (நஞ்சுக்கொடி) இரட்டைப் பொலித்தீனில் கட்டி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து வைத்தியருக்குச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வேண்டாததைக் கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இளங்கொடியை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இதற்கு ஆகாது; கீழே விழுந்தால் நாய் அடுத்த பட்டிக்கு இழுத்துப் போய்விடும்.