டிவி ஸ்க்ரீன்ல லோகோ தடம் விழுந்துருச்சா? இத பண்ணிப் பாருங்க

சேனல் மாத்தின பிறகும் பழைய சேனலோட லோகோ மூலைல நிழலா தெரியுதுன்னா உடனே பதறாதீங்க, அது நிரந்தரமான பர்ன்-இன்னா இல்ல கொஞ்ச நேரத்துல தானா மறையுற இமேஜ் ரிடென்ஷனான்னு முதல்ல பாத்துரலாம். யூடியூப்ல ஸ்க்ரீன் முழுக்க ஒரே கலர் வர்ற டெஸ்ட் வீடியோ நிறைய கிடைக்கும், சாம்பல், சிவப்பு, மஞ்சள்னு ஒவ்வொண்ணா ஓடவிட்டு ரூம் லைட்ட அணைச்சிட்டு பாருங்க. தடம் தெரிஞ்சா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க வேணும்.

சாதாரண எல்இடி டிவின்னா உள்ள இருக்குறது எல்சிடி பேனல்தான், அதுல பெரும்பாலும் டிவிய அணைச்சு வச்சாலே போயிரும்.

ஓஎல்இடி டிவிலதான் கவனமா இருக்கணும். அதுல ஒவ்வொரு பிக்சலும் தானே வெளிச்சம் குடுக்குது, ஒரே இடத்துல பளிச்சுனு லோகோவோ கேம் ஸ்கோரோ மாசக்கணக்கா நின்னா அங்க உள்ள பிக்சல் மட்டும் சீக்கிரம் தேஞ்சு மங்கிரும். இதுக்கு செட்டிங்ஸ்ல பிக்சல் ரெஃப்ரெஷ், இல்லன்னா பேனல் ரெஃப்ரெஷ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஓடவிட்டா சுமார் 1 மணி நேரம் ஆகும், நடுவுல ப்ளக்க புடுங்கவே கூடாது. அடிக்கடியும் பண்ணாதீங்க, சோனியே வருஷத்துக்கு ஒரு தடவ போதும்னு சொல்றாங்க. இது தேஞ்ச பிக்சலுக்கு உயிர் குடுக்காது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி சமன் பண்ணும், அவ்ளோதான். ஆழமா விழுந்த தடம்னா பேனல் மாத்துறத தவிர வழி இல்ல. கலர் கலரா மின்னுற "பர்ன்-இன் ஃபிக்ஸ்" வீடியோவ ஓஎல்இடில ராத்திரி முழுக்க ஓட விடுறது வேணவே வேணாம், நல்லா இருக்குற பிக்சலும் சேந்து தேயும்.

இனி வராம இருக்க நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஒண்ணுதான், டிவிய ரிமோட்ல அணைச்சிட்டு ஸ்டான்ட்பைல விடுங்க, சுவத்துல இருக்குற ஸ்விட்ச்ச உடனே ஆஃப் பண்ணாதீங்க. எல்ஜி ஓஎல்இடில மொத்தமா 4 மணி நேரத்துக்கு மேல பாத்திருந்தா, அணைச்ச பிறகு டிவியே சின்னதா ஒரு ரெஃப்ரெஷ் பண்ணிக்கும், கரண்ட் இல்லன்னா அது நடக்காது, பல பேருக்கு இது தெரியுறதே இல்ல.

அப்புறம் படத்த ரொம்ப பளிச்சுனு காட்டுற விவிட் மோட விட்டு வெளிய வாங்க, செட்டிங்ஸ்ல ஓஎல்இடி லைட்னோ ப்ரைட்னஸ்னோ எது இருக்கோ அத குறைங்க, படத்த லேசா நகத்திக்கிட்டே இருக்குற ஸ்க்ரீன் ஷிஃப்ட், அசையாத லோகோவ மங்கலாக்குற லோகோ டிம்மிங் ரெண்டையும் ஆன்ல வைங்க. நாள் முழுக்க நியூஸ் ஓடுற வீடுன்னா நடுவுல சேனல மாத்துங்க. வாரண்டி பேப்பரையும் எடுத்துப் படிங்க, பர்ன்-இன்ன நிறைய கம்பெனி கவர் பண்றதில்ல.