பி.காம். முடித்தவர்களுக்கு அக்கவுன்ட்ஸ் வேலை: விண்ணப்பம் முதல் நேர்காணல் வரை

பி.காம். முடித்துவிட்டுக் கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை தேடும் இளைஞர்களில் பலர், நேர்காணலில் எதிர்பாராத கேள்வி ஏதும் வந்துவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள். முதல் வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி, விண்ணப்பதாரர் தம் பயோடேட்டாவில் தாமே எழுதிக் கொடுத்தவற்றிலிருந்துதான் பிறக்கிறது. கணக்கு மென்பொருளான டேலி தெரியும் என்று எழுதியவரை டேலியின் முன் உட்கார வைப்பார்கள், ஜி.எஸ்.டி. தெரியும் என்று எழுதியவரிடம் எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே, எழுதும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடமாவது தடுமாறாமல் பேச முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

வேலை தேடும் இடங்கள்

நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவற்றோடு, தமிழ்நாடு அரசு நடத்தும் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவ்வப்போது நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் சென்று வாருங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பலர் நினைத்துப் பார்க்காத இன்னோர் இடம் ஆடிட்டர் அலுவலகம். அங்கே தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்றாலும், ஜவுளிக் கடை, மருந்துக் கடை, ஸ்பின்னிங் மில் என்று பலவகை நிறுவனங்களின் கணக்குகள் ஒரே ஆண்டில் கைக்கு வந்துவிடும். வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால், முதல் வேலையாக அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

பயோடேட்டா

முன்அனுபவம் இல்லாதவருக்கு ஒரு பக்கம் போதும். தந்தையின் தொழில், மதம், சாதி, ரத்த வகை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு அதில் இடம் தர வேண்டியதில்லை. 'சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்' என்ற வரி ஏறத்தாழ எல்லாப் பயோடேட்டாக்களிலும் இருப்பதால், அதை யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில், எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்த வேலையை எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது பயனுள்ளது.

'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்' என்று பொதுவாக எழுதுவதைக் காட்டிலும், எக்செலில் வி-லுக்-அப், சம்-இஃப், பிவட் டேபிள் ஆகியவற்றில் எவற்றை உண்மையில் பயன்படுத்தத் தெரியுமோ அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலையோ முதுநிலையோ தேறியிருந்தால், அது பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்காமல் குறிப்பிடுங்கள். கடிதமும் விலைப்புள்ளியும் ஓயாமல் அடிக்க வேண்டிய அலுவலகங்களில் அதற்கு இன்றும் மதிப்பு உண்டு. கல்லூரி நாளில் உறவினர் கடையில் பில் போட்டிருந்தால் அதையும் எழுதலாம். ஆனால், எத்தனை மாதம், என்ன மென்பொருள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ எத்தனை பில் என்ற விவரங்களைச் சேர்த்து எழுதினால்தான் அது அனுபவமாகக் கணக்கில் வரும்.

கோப்பைப் பி.டி.எஃப். வடிவில், உங்கள் பெயரும் வேலையின் பெயரும் விளங்கும்படி சேமித்து அனுப்புங்கள். 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2' என்ற பெயரில் வரும் கோப்பை மறுநாள் தேடி எடுப்பது யாருக்கும் எளிதன்று. மின்னஞ்சலின் உடல்பகுதியை வெறுமையாக விட்டுப் பயோடேட்டாவை மட்டும் இணைத்து அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. எந்த வேலைக்கு, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், அந்த வேலைக்குத் தேவையானவற்றில் எவை உங்களுக்குத் தெரியும், எந்த எண்ணில் அழைக்கலாம் என நான்கைந்து வரிகள் எழுதுங்கள். சிறிய நிறுவனங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதுண்டு. அங்கேயும் இதே நான்கு வரிகள் வேண்டும். விண்ணப்பித்த நாள்களில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுத்துப் பேசுங்கள்.

நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுதல்

நிறுவனத்தின் இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் படித்துவிட்டு வருவதை எல்லாரும் செய்கிறார்கள். கணக்கு வேலைக்கு வருபவர் அதற்கு மேலும் ஒரு படி போகலாம். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால், அதை ஜி.எஸ்.டி. தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் இட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு செய்த தேதி, தொழிலின் தன்மை ஆகியவை தெரியவரும். பதினைந்து இலக்கம் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு என்பதும், தமிழ்நாட்டுக்கு அது 33 என்பதும், அடுத்த பத்து இலக்கங்கள் பான் எண் என்பதும் நேர்காணலில் கேட்கக்கூடியவையே. இப்படித் தேடிப் பார்த்தவர், 'உங்களுக்கு உற்பத்தியும் மொத்த விற்பனையும் இருப்பதைப் பார்த்தேன். நான் சேரும் பிரிவில் கொள்முதல் பதிவு வருமா, விற்பனைப் பதிவு வருமா?' என்று கேட்க முடியும். அந்த ஒரு கேள்வியே அவர் எந்த அளவு ஆர்வத்தோடு வந்திருக்கிறார் என்பதைக் காட்டிவிடும்.

பாடத்தில் எதைப் படித்துப் போவது

மூன்றாண்டுப் பாடத்தையும் புரட்ட வேண்டியதில்லை. மாதந்தோறும் அலுவலகத்தில் நடக்கும் வேலையை மனத்தில் வரிசைப்படுத்திக் கொண்டால் போதும். முந்தைய மாதம் பிடித்த டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) தொகையைப் பொதுவாக 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரங்களைத் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கின் சுருக்கமான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவம் 20ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். பி.எஃப். (வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) தொகைகளுக்கு 15ஆம் தேதி கெடு. அரசு சில வேளைகளில் கெடுவை நீட்டிப்பதுண்டு என்றாலும், அலுவலகத்தின் மாதம் இந்தத் தேதிகளைச் சுற்றித்தான் நகர்கிறது.

டேலியில் கான்ட்ராவுக்கு (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையிலான மாற்றப் பதிவு) எஃப்4, பேமென்ட்டுக்கு எஃப்5, ரிசீப்டுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9 என்பவை கை தானாகப் போகும் அளவுக்குப் பழக வேண்டும். பல அலுவலகங்களில் நான்கைந்து பில்களைக் கையில் கொடுத்து, பதிவு செய்து காட்டச் சொல்வார்கள். அங்கே வேகத்தைவிட, எதைக் கவனிக்கிறீர்கள் என்பதே பார்க்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று 18 சதவீத வரி உள்ள பொருளை 1,00,000 ரூபாய்க்கு விற்ற இரண்டு பில்கள் இருக்கும்; ஒன்று ஈரோட்டு வாடிக்கையாளருக்கு, மற்றொன்று பெங்களூரு வாடிக்கையாளருக்கு. மாநிலத்துக்குள் நடந்த முதலாவதில் சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு) 9,000, எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் பங்கு) 9,000 என்று பிரியும், வெளிமாநிலத்துக்குப் போன இரண்டாவதில் ஐ.ஜி.எஸ்.டி. 18,000 என்று ஒரே வரியாக வரும். மொத்தம் இரண்டிலும் 1,18,000 என்பதால், முகவரியைப் பார்க்காமல் பதிவு செய்தவருக்குத் தவறு கண்ணில் படவே படாது.

அடுத்தபடியாக மிகுதியும் கேட்கப்படுவது வங்கிச் சரிகட்டும் பட்டியல். வரையறையை ஒப்பிப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 'நம் ரொக்க ஏட்டில் 2,00,000 ரூபாய் இருப்பு காட்டுகிறது, வங்கி ஸ்டேட்மென்ட்டில் 2,35,000 இருக்கிறது, ஏன்?' என்று கேட்பார்கள். நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வராமல் இருக்கலாம். வாடிக்கையாளர் நேரடியாகக் கணக்கில் பணம் செலுத்தியது நம் ஏட்டில் ஏறாமல் இருக்கலாம். வங்கி வட்டி வரவு வைத்திருக்கலாம். இப்படிக் காரணங்களைச் சொல்லி, ஒவ்வொன்றையும் எந்தத் தாளைப் பார்த்து உறுதி செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்பவருக்கு, மதிப்பெண் பட்டியலில் எண்கள் சற்றுக் குறைந்திருந்தாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

நேர்காணலன்று

மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், ஆதார், பான் ஆகியவற்றின் அசலும் நகலும், பயோடேட்டாவில் இரண்டு பிரதிகளும், ஒரு பேனாவும் போதும். இஸ்திரி போட்ட எளிய உடை, பத்து நிமிடம் முன்னதாகச் சென்று சேர்வது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் பெயர், ஊர், அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என்று தொடங்கும் வழக்கத்தை விடுங்கள். 'நான் பி.காம். முடித்திருக்கிறேன். ஆறு மாதம் ஒரு ஹார்டுவேர் கடையில் டேலியில் விற்பனைப் பில்களும் ரசீதுகளும் பதிவு செய்தேன். மாதக் கடைசியில் வரவேண்டிய பாக்கிப் பட்டியலை எக்செலில் எடுத்துக் கொடுப்பேன். தாக்கல் வேலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை' என்று சொன்னால், அடுத்த கேள்வி எங்கிருந்து வர வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்தவர் ஆகிறீர்கள். இதை ஆங்கிலத்திலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் தொடங்கும் நேர்காணல்களிலும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வருமா என்று பார்ப்பார்கள்; சரளமாகப் பேச வராவிட்டாலும், பிழையின்றி நான்கு வரி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். கணக்குப் பிரிவில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவரைக் கண்டுதான் மேலாளர்கள் அஞ்சுவார்கள்.

சம்பளப் பேச்சு

ஆண்டுக்கு 2,44,620 ரூபாய் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொன்னால், பன்னிரண்டால் வகுத்து மாதம் 20,385 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. அதில் மாத மொத்தச் சம்பளம் 18,000 ரூபாயாகவும், பி.எஃப். கணக்கிடும் ஊதியம் 15,000 ரூபாயாகவும் இருந்தால், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப். 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 585 ரூபாயும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். பிறகு உங்கள் பங்காக 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாயும், 0.75 சதவீத இ.எஸ்.ஐ. 135 ரூபாயும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 16,065 ரூபாய். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில்வரி இதில் சேரவில்லை. ஆகவே, 'பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?' என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கணக்கு வேலைக்கு வந்தவர் அதைக் கேட்காமல் போனால்தான் வியப்பு.

வேலைக்காக முன்பணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வான பிறகு பலரைத் திணற வைப்பது, நம் ஊர்ப் பெயர்களின் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் எஸ். கார்த்திக் என்றும், ஆதாரில் கார்த்திக் எஸ் என்றும், பானில் கார்த்திக் சுப்பிரமணியன் என்றும் இருந்தால், சம்பளக் கணக்கு தொடங்கும்போதும் பி.எஃப். கணக்கில் ஆதாரை இணைக்கும்போதும் சிக்கல் வரக்கூடும். திருத்தம் செய்வதற்கு நாள் பிடிக்கும் என்பதால், பயோடேட்டா எழுத உட்காரும் நாளிலேயே இந்த மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.